இயல் 6: ஆண்டு விழா யாருக்காக?

ஏதாவது ஒரு பொன்விழா அழைப்பிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே நிறுவனத்தின் சின்னம். கீழே தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். முன்னிலை வகிப்பவர்களுக்கே ஒரு பக்கம் போதாது. கடைசியில் 'அனைவரும் வருக' என்று ஒரு வரி. வந்து என்ன பார்ப்பது, என்ன தெரிந்துகொண்டு போவது என்று மட்டும் எங்கும் இருக்காது. பெயர் போட்டவர்கள் வருவார்கள், அவர்கள் வீட்டார் வருவார்கள், ஊழியர்கள் வந்தே ஆகவேண்டும். மற்றவர்கள் எதற்கு வரவேண்டும்?

இந்த இயல் அந்த மற்றவர்களைப் பற்றியது. உங்களுடையது பள்ளியோ, கிளை நூலகமோ, பால் சொசைட்டியோ, மருத்துவமனையோ, தமிழ்ச் சங்கமோ, எதுவானாலும் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐம்பது வருடம் ஆகிவிட்டது என்பது உள்ளே இருப்பவர்களுக்குப் பெருமை. வெளியே இருப்பவர்களுக்கு அது செய்தியே இல்லை. உங்களால் அவர்கள் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதுதான் அவர்களுக்குச் செய்தி. ஆகவே விழாக் குழுவின் முதல் கூட்டத்தில் பந்தலைப் பற்றியும் சிறப்பு விருந்தினரைப் பற்றியும் பேசாதீர்கள். 'நாம் இல்லாமல் போயிருந்தால் இந்த ஊரில் எது நடந்திருக்காது?' என்று கேளுங்கள். வருகிற பதிலில் உங்களிடம் சம்பளம் வாங்காத, பதவி வகிக்காத ஆட்கள் இருந்தால் விழாவுக்குக் கரு கிடைத்துவிட்டது. இல்லையென்றால் ஊழியர்களுக்கு ஒரு நல்ல விருந்து போட்டு அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

ஊரே எடுத்துக்கொண்ட விழாக்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் ஜனவரி 15 ஒரு வெள்ளைக்காரப் பொறியாளரின் பிறந்தநாள். மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்று நீரை அணைகட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் பக்கம் திருப்பியவர் ஜான் பென்னிகுயிக். அணை 1895-இல் திறக்கப்பட்டது. பாலார்பட்டி போன்ற ஊர்களில் அன்றைக்கு அவர் படத்தை வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் உண்டு. லோயர் கேம்ப்பில் அரசு மணிமண்டபம் திறந்தது 2013-இல்தான். அதற்கு முன்பே ஊர் கொண்டாடத் தொடங்கிவிட்டது. கொண்டாடுகிறவர்கள் பொதுப்பணித் துறையின் ஆட்கள் அல்லர், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள்.

வடலூர் இன்னும் தெளிவான உதாரணம். வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23. அன்று மூட்டிய அடுப்பை அணையவிடாமல் காத்துவருகிறார்கள். பசித்து வருகிறவர்களுக்குச் சாதி, மதம் கேட்காமல் இன்றும் சோறு கிடைக்கிறது. தருமச்சாலை தொடங்கிய நாளை எப்படிக் கொண்டாடுவது என்று அங்கே குழு போட்டு யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. அன்றும் சோறு போடுவார்கள், கூடுதலாகப் போடுவார்கள். நிறுவனம் எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையையே விழா நாளில் பெரிதாகச் செய்வது. இந்த இயலில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாப்பிடி அதற்குப் பின்னால் இருந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது 11 படுக்கைகள். இப்படிப்பட்ட தொடக்கக் கதை கையில் உள்ள மருத்துவமனை எதுவானாலும், புதுக் கட்டடத்தின் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் அடிப்பதைவிட, சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு மாதம் இலவசப் பரிசோதனை முகாம் நடத்தினால் ஊர் அந்த ஆண்டை மறக்காது.

பழைய பதிவேட்டைத் திறவுங்கள்

ஊரோடு உங்களுக்குள்ள உறவின் சான்று உங்கள் பீரோவிலேயே இருக்கும். பெரும்பாலும் அடித்தட்டில், கரையான் தொடும் தூரத்தில். பள்ளியையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நூற்றாண்டு கடந்த அரசுப் பள்ளிகள் மட்டுமே இரண்டாயிரத்துக்கும் மேல் உள்ளன. அவற்றுக்கெல்லாம் விழா எடுக்கும் ஏற்பாட்டை 2025 ஜனவரியில் அரசு தொடங்கிவைத்தது. எத்தனை பள்ளிகள் தங்கள் சேர்க்கைப் பதிவேட்டை விழா மேசைக்குக் கொண்டுவந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய சேர்க்கைப் பதிவேடு நீளவாக்கில் கட்டம் போட்ட கனமான புத்தகம். மாணவர் பெயர், தந்தை அல்லது காப்பாளர் பெயர், அவர் தொழில், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கிய காரணம். சிலவற்றில் அம்மை குத்தியாயிற்றா என்றுகூட ஒரு கட்டம். தலைமை ஆசிரியர் மாறும்போது கையெழுத்து மாறும், மையின் நிறம் மாறும். இதில் நீங்கிய காரணம் எழுதும் கட்டம்தான் பொன். 'ஊர் மாற்றம்', 'தொடர்ந்து வராமை', 'வேலைக்குச் சென்றுவிட்டான்' என்று ஒற்றை வரிகளில் ஊரின் சரித்திரம் கிடக்கும். எந்த ஆண்டில் முதல் பெண் குழந்தை சேர்ந்தது, தொழில் கட்டத்தில் 'கூலி' என்று எழுதப்பட்ட தகப்பனின் பிள்ளை எப்போது உள்ளே வந்தது, ஐந்தாம் வகுப்பு வரை எத்தனை பேர் தாக்குப்பிடித்தார்கள் என்பதையெல்லாம் அதிலிருந்து எடுத்துவிடலாம்.

இன்னொன்றும் செய்யலாம். மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு 1920-இல் சென்னை ஆயிரம்விளக்கில் தொடங்கியது. காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம் 1956-இல் வந்தது. எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982, காலை உணவு 2022. உங்கள் பள்ளியில் அந்தந்த ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஏறியிருந்தால் ஏறியிருக்கும், ஏறாமலும் இருக்கலாம். இருப்பதை அப்படியே சுற்றுச்சுவரில் பெரிய வரைபடமாகத் தீட்டுங்கள். ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம். எண்ணுகிற வேலையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கொடுங்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எவரும் அதைப் படித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அமைச்சர் பேசிய உரையை மறுநாளே மறந்துவிடுகிறவர், தன் பாட்டி சேர்ந்த ஆண்டின் கோடு எவ்வளவு குட்டையாக இருந்தது என்பதை மறக்கமாட்டார்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பதிவேட்டில் சாதிக் கட்டம் இருக்கும். தனி ஆளின் பெயரையும் சாதியையும் சேர்த்துக் காட்சிக்கு வைக்காதீர்கள், எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். ஒருவருடைய பக்கத்தைக் காட்டத்தான் வேண்டுமென்றால் அவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ சம்மதம் கேளுங்கள். அடுத்தது, பாதுகாக்கிறேன் பேர்வழி என்று பழைய தாள்களை லேமினேட் செய்யாதீர்கள், கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டுமே தாளைக் கொல்லும். பகல் வெளிச்சத்தில் செல்போன் ஸ்கேனரில் பக்கம் பக்கமாக எடுத்து இரண்டு மூன்று இடங்களில் சேமித்தால் போதும். மூலத்தைக் காடாத் துணியில் சுற்றி மேல்தட்டுக்கு மாற்றுங்கள்.

பள்ளி அல்லாதவர்களுக்கும் இதே வழிதான். பால் சொசைட்டியில் பாலின் கொழுப்பையும் எஸ்.என்.எஃப் எனும் கொழுப்பல்லாத திடப்பொருளின் அளவையும் எழுதிய பழைய நோட்டுகள் இருக்கும். பால் ஊற்றியவர்கள் யார், எந்த ஆண்டு முதல் பெண்கள் பெயரில் கணக்கு வந்தது, போனஸ் பணத்தில் என்ன வாங்கினார்கள் என்று நாலு வீட்டில் கேட்டால் முழு மலருக்கும் செய்தி கிடைத்துவிடும். நூலகத்தில் இரவல் பதிவேடு. வங்கிக் கிளையில் இது கஷ்டம், வாடிக்கையாளர் கணக்கு ரகசியம். அவர்கள் வேறு வழி பார்க்கவேண்டும்.

எந்த நாளைப் பிடிப்பது

தொடங்கிய நாளைத்தான் கொண்டாட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. ஆனால் உலகத்தில் அதன் பெயர் நிற்பது 1909-க்காக. சூரியக் கரும்புள்ளிகளின் ஓரப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று ஜான் எவர்ஷெட் அங்கிருந்து கண்டுபிடித்தார். அந்த விளைவுக்கே அவர் பெயர். அதன் நூற்றாண்டையொட்டி அஞ்சல் துறை 2008-இல் தபால்தலை வெளியிட்டது. கட்டடத்துக்குக் கால்கோள் இட்ட நாளைவிட, கட்டடத்துக்குள்ளிருந்து உலகத்துக்கு ஏதோ ஒன்று போன நாள் வெளியாருக்கு நெருக்கமானது. சூரியனின் பிம்பத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழவைத்துக் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்தக் கண்டுபிடிப்பில் பாதி புரியும். கால்கோள் விழாவில் அப்படிக் காட்ட என்ன இருக்கிறது?

சில நிறுவனங்களுக்கு ஊர் நினைவில் வைத்திருக்கும் நாள் துக்க நாளாகவும் இருக்கும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் புதுக் கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டது என்பது நூலகர்களுக்குத் தெரிந்திருக்கும். உலகத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்தது, 1981 மே 31 இரவு வைத்த நெருப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்துபோனதுதான். இப்படிப்பட்ட நாள் உங்களுக்கு இருந்தால், அதைத் தவிர்த்துவிட்டு வேறு தேதியில் மாலையும் மேளமுமாக விழா எடுத்தால் ஊர் ஒட்டாது. அந்த நாளில் பேச்சைக் குறைத்து, நூல் கொடையைப் பெற்றுக்கொள்ளும் நாளாக, வாசிப்பு நாளாக வைத்துக்கொள்ளலாம்.

தேதியில் சந்தேகம் இருந்தாலும் பயப்பட வேண்டாம். சென்னை தினம் ஆகஸ்ட் 22. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்த நாள் அது என்று கணக்கு. அது ஜூலையா ஆகஸ்டா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே உண்டு, காலனியக் கணக்கில் எதற்கு ஊருக்குப் பிறந்தநாள், மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்கு முன்பே இல்லையா என்ற கேள்வியும் உண்டு. ஒவ்வோர் ஆகஸ்டிலும் அந்தச் சண்டை பத்திரிகைகளில் வருகிறது. அதனாலேயே நாலு பேர் சரித்திரம் படிக்கிறார்கள். உங்கள் சங்கம் தொடங்கிய தேதியில் கருத்து வேறுபாடு இருந்தால் இரண்டு தரப்பையும் மலரில் போடுங்கள்.

விட்டுக்கொடுத்தால் பெருகும்

அதே சென்னை தினத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. 2004-இல் சென்னை வரலாற்றாசிரியர் எஸ். முத்தையாவும் இரண்டு பத்திரிகையாளர் நண்பர்களும் சின்ன அளவில் தொடங்கியது அது. மையமாக ஒரு மேடை, ஒரு கமிட்டி, ஒரு பெரிய நிதி என்று வைத்துக்கொள்ளாமல், யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவில், தங்கள் பள்ளியில், தங்கள் செலவில் எதையாவது நடத்தலாம் என்று விட்டார்கள். மரபு நடை, புகைப்படக் கண்காட்சி, வினாடி வினா, உரை என்று அவரவர் இஷ்டம். ஒரு நாள் ஒரு வாரமாகி, இப்போது ஆகஸ்ட் முழுக்கப் பரவிவிட்டது.

நிர்வாகக் குழுவுக்கு இதுதான் ஜீரணிக்கக் கஷ்டமானது. நம் விழாவை நம்மைக் கேட்காமல் டீக்கடைக்காரர் கொண்டாடினால் நமக்கு என்ன மரியாதை என்று தோன்றும். உண்மையில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. எதிர்ச் சாரியில் இருக்கும் டீக்கடை உங்கள் ஆலையின் ஷிப்டுச் சங்கை நம்பி அடுப்பு மூட்டிய கடை. அதன் சுவரில் உங்கள் பழைய புகைப்படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டக் கொடுங்கள். ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஒன்று, சலூனுக்கு ஒன்று. படத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள் என்று கீழே ஒரு வரியும் ஒரு போன் நம்பரும். ஒரு மாதத்தில் உங்கள் அலுவலகத்துக்கு வரும் தகவல்கள், எந்த வரலாற்றுக் குழுவும் தேடிக் கண்டுபிடிக்க முடியாதவை.

விழா மலர்

பெரும்பாலான விழா மலர்கள் பிரிக்கப்படாமலே பரணுக்குப் போகின்றன. காரணம் எல்லோருக்கும் தெரியும். முதல் நாற்பது பக்கம் வாழ்த்துச் செய்தி, பிறகு நிர்வாகிகளின் படம், நடுவில் பொறுப்பாளர் எழுதிய கவிதை, மிச்சமெல்லாம் நகைக்கடை விளம்பரம். வாழ்த்துகளை விடமுடியாது, விளம்பரம் இல்லாமல் அச்சுச் செலவு கட்டாது. சரி. எல்லா வாழ்த்துகளையும் சுருக்கிக் கடைசியில் நாலு பக்கத்தில் அடக்குங்கள். முதல் பக்கத்தில் ஊரைப் பற்றிய கட்டுரை வரட்டும்: நிறுவனம் தொடங்கியபோது சாலை எங்கே இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, சந்தை எந்தக் கிழமை கூடியது. அடுத்து நிறுவனத்தில் வேலை பார்க்காத ஐந்தாறு பேரின் வாய்மொழி நினைவுகள், அவர்கள் பேச்சு வழக்கிலேயே. பியூன், ஆயா, வாட்ச்மேன், சமையல்காரம்மா இவர்களின் பேட்டி. பழைய தலைவர்களின் படவரிசையை யாரும் பார்ப்பதில்லை. 1970-களின் ஒரு குழுப்படத்தில் ஒவ்வொருவர் பெயரும் போட்டிருந்தால் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

அச்சான மலரை எங்கே அனுப்புவது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போகவேண்டும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். இலங்கை நிறுவனம் என்றால் மின்வடிவில் 'நூலகம்' என்ற நிறுவனத்துக்கு. விழா மலர் என்று நாம் அலட்சியமாக நினைப்பதை ஐம்பது வருடம் கழித்து ஆராய்ச்சி செய்கிறவர்கள்தாம் தேடி அலைகிறார்கள்.

மறைக்க நினைக்கும் பக்கங்கள்

எல்லா நிறுவனத்திலும் ஒரு வேலைநிறுத்தம், ஒரு கையாடல், யாரையோ உள்ளே விடாத காலம் ஒன்று இருந்திருக்கும். இதை மலரில் போட்டால் பெயர் கெடும் என்று குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். ஊருக்கு அது ஏற்கெனவே தெரியும். நீங்கள் விட்டுவிட்டால், மற்ற பக்கங்களில் எழுதியதையும் நம்பமாட்டார்கள். பெரியாற்று அணை கட்டும்போது காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் செத்துப்போன கூலித்தொழிலாளர் ஏராளம்; பென்னிகுயிக்கின் பெருமையைச் சொல்கிறவர்கள் அவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதும்போது அன்றைய மேலாளர் தரப்பும் தொழிற்சங்கத் தரப்பும் இரண்டும் வரட்டும். உயிரோடு இருப்பவர்களின் பெயரை இழுத்துப் பழி தீர்க்கும் இடமாக மட்டும் அது ஆகிவிடக் கூடாது.

மேடை, நேரம், பணம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேச்சாளர் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். பொன்னாடை போர்த்துவதை மேடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் முக்கால் மணி நேரம் மிச்சமாகும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளிப் பந்தல் போடாதீர்கள், பொதுத்தேர்வு மாதங்களில் பள்ளி விழா வைக்காதீர்கள், நடவும் அறுப்பும் நடக்கும்போது கிராமத்துச் சொசைட்டி விழா வைக்காதீர்கள். வேலை நாளில் காலைப் பத்து மணிக்கு வைக்கும் விழாவுக்குக் கூலிவேலை பார்ப்பவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வரமுடியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள்.

செய்தியாளரிடம் 'பொன்விழா கொண்டாட்டம்' என்று செய்திக்குறிப்புக் கொடுத்தால் உள்பக்கத்தில் இரண்டு அங்குலம் கிடைக்கும். 'முதன்முதலில் சேர்ந்த மாணவியின் பேத்தி இன்று அதே பள்ளியில் ஆசிரியை' என்று சொல்லி, அவரையே எதிரில் உட்கார வைத்தால் அரைப்பக்கம் கிடைக்கும். அந்தப் பேத்தி இருக்கிறாரா என்று தேடுவதற்கே ஆறு மாதம் ஆகும். அதனால்தான் விழா வேலையை ஒன்றரை வருடம் முன்பே தொடங்கச் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றிக் கண்டிப்பான ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மொத்த விழா நிதியில் பாதியாவது, விழா முடிந்தபிறகும் ஊர் பயன்படுத்துகிற ஒன்றுக்குப் போகவேண்டும். நூலகத்துக்கு மாலை நேர வாசிப்பு அறை, பள்ளிக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை, சொசைட்டிக்குக் கால்நடை மருத்துவர் வருவதற்கான ஏற்பாடு. கல்வெட்டு கட்டாயம் வேண்டுமென்றால் சின்னதாக வையுங்கள், அதில் நன்கொடையாளர் பெயரோடு அதைக் கட்டிய கொத்தனாரின் பெயரையும் பொறியுங்கள். நிதி திரட்ட ரசீதுப் புத்தகம் அடிக்கும் முன்பே இந்தப் பாதிக் கணக்கைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பந்தல்காரரும் மைக் செட்காரரும் வந்தபிறகு பேச்சு எடுபடாது.